வளைவில் இரண்டு சக்கரங்கள்

இரண்டு பிள்ளைகளையும் ஒரே மாதிரி நடத்துவதுதான் தகப்பனுக்கு அழகு என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தவன் நான். தீபாவளிக்கு ஒரே துணியில் வெட்டிய இரண்டு சட்டைகள். விடியற்காலை நாலரை மணிக்கு இருவருக்கும் ஒரே குரலில் திருப்பள்ளியெழுச்சி. மார்க்குக் குறைந்தால் இருவருக்கும் ஒரே பிரம்பு. பாரபட்சம் என்ற சொல் என் வீட்டு வாசற்படியை மிதிக்கக்கூடாது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அந்தக் கர்வத்தில் முதல் கீறல் விழுந்த இடத்தைச் சொன்னால் நீங்கள் சிரிக்கக்கூடும். போடிநாயக்கனூரில் ஒரு மோட்டார் பட்டறை. 1986-ஆம் வருஷம், ஐப்பசி மாதம். விடாத மழை.

நாவல் ஒன்றின் கடைசி அத்தியாயங்கள் கைக்கு வராமல் சண்டித்தனம் செய்துகொண்டிருந்தன. போடிமெட்டுக்கு அப்பால் நண்பர் ஒருவருக்கு ஏலக்காய்த் தோட்டம் இருந்தது. "வந்து ஒரு மாதம் இரு, குளிரில் கற்பனை நன்றாக ஓடும்" என்று எழுதியிருந்தார். கற்பனைக்கும் குளிருக்கும் என்ன சம்பந்தமோ தெரியாது. ஓசிச் சாப்பாட்டுக்கும் எழுத்தாளனுக்கும் உள்ள சம்பந்தம் தெரியும். மதுரையிலிருந்து மீட்டர் கேஜ் ரயிலில் ஆடி ஆடிப் போய் இறங்கினேன். நண்பர் குடையுடன் நின்றார். ஆனால் ஜீப் இல்லை.

"வண்டி ராவுத்தர் பட்டறையில் கிடக்கிறது. பின்பக்கம் போய்விட்டது. இரண்டு நாள் கீழேதான் தங்க வேண்டும்" என்றார்.

பின்பக்கம் போன கதையை டிரைவர் சொன்னான். மேலே தோட்டத்துப் பாதையில் வலது பின்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. அவன் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அந்தச் சக்கரம் மட்டும் சக்கராயுதம் போலச் சுழன்று சேற்றை வாரி இறைத்ததாம். இடது சக்கரமோ கெட்டியான பாறைமேல் நின்றுகொண்டு அசையவே இல்லை. கால் மணி நேரம் இந்தக் கூத்து. பிறகு ஆட்கள் தள்ளி வெளியேற்றினார்கள். அதன்பின் நேரான பாதையில் வண்டி மௌனமாக வரும். வளைவு வந்தால் போதும், பின்னாலிருந்து 'கடகட' என்று சத்தம். கடைசியில் பின் அச்சுக்குப் போகும் புரொபெல்லர் ஷாப்டைக் கழற்றி ஜீப்புக்குள்ளேயே போட்டுக்கொண்டு, முன்சக்கரங்களின் இழுப்பிலேயே மலையிறங்கி வந்து சேர்ந்தான். நாலு சக்கரங்களுக்கும் விசை போகும் வண்டியில் இப்படி ஒரு சௌகரியம் உண்டு. ஒரு ஜோடி படுத்துவிட்டால் மற்ற ஜோடி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

மழைக்கு ஒதுங்க வேறு இடமில்லாததால் அந்த இரண்டு நாளும் நான் பட்டறையிலேயே உட்கார்ந்திருந்தேன். ராவுத்தருக்கு அறுபது வயசிருக்கும். நரைத்த தாடி, கட்டம் போட்ட கைலி. பேச்சு சொற்பம்.

முதலில் முன்சக்கரங்களுக்குக் கல் வைத்தார். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சட்டத்தின் கீழ் இரண்டு மரக்கட்டைகளைக் கொடுத்த பிறகுதான் பையனை அடியில் போக விட்டார். அவன் அவசரப்பட்டு முன்பே நுழையப் பார்த்தபோது ஒரு வசவு கிடைத்தது. அதை இங்கே எழுத முடியாது.

எண்ணெயை வடித்தார்கள். கறுத்துப் போன அந்த எண்ணெயில் வெள்ளிப் பொடி தூவியதுபோல் ஏதோ மினுங்கியது. ராவுத்தர் அதை விரலில் தொட்டு வெளிச்சத்தில் பார்த்து, "பல்லு" என்றார். சக்கரங்கள் கழன்றன. அதன் பிறகு ஹப். அந்த ஜாதி ஜீப்பில் ஹப் ஒரு கூம்பான தண்டின்மேல் இறுகி உட்கார்ந்திருக்கும், சும்மா வராது. பெரிய நட்டைத் தளர்த்திவிட்டு, முழுக்கக் கழற்றாமல் நாலைந்து மரை மிச்சம் வைத்தார். புல்லரை மாட்டி இறுக்கினார். இறுக்கிவிட்டுச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். துப்பாக்கி வெடித்தாற்போல ஒரு சத்தம். நான் துள்ளி எழுந்துவிட்டேன். ஹப் பாய்ந்து வந்து அந்த நட்டில் மோதி நின்றது. மிச்சம் வைத்த மரைகளின் அர்த்தம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இரண்டு பக்கத்து ஆக்ஸில் தண்டுகளும் உருவி வந்தன. ஒவ்வொரு பக்கமும் காகிதம் போன்ற மெல்லிய தகட்டு வளையங்கள் இருந்தன, ஷிம் என்கிறார்கள். இடதுபுறத்தவற்றை ஒரு கம்பியிலும் வலதுபுறத்தவற்றை வேறொரு கம்பியிலும் கோத்து ஆணியில் மாட்டினார். "கலந்தா என்ன ஆகும்?" என்று கேட்டேன். "கலக்கக் கூடாது" என்றார். அதற்குமேல் விளக்கம் இல்லை.

பின்னாலிருந்த மூடியின் பத்து போல்ட்டுகளையும் கழற்றியதும் உள்ளே ஒரு பெரிய பல்சக்கரம் தெரிந்தது. கிரௌன் வீல் என்று பெயர், கிரீடம்தான். அதனோடு கடித்துக்கொண்டிருந்த சின்னச் சக்கரம் பினியன். வேலையில்லாதவனுக்குப் பல்லை எண்ணுவதைவிட நல்ல பொழுதுபோக்கு ஏது? பினியனில் 8 பல், கிரௌனில் 43. இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. எட்டுக்கும் நாற்பத்து மூன்றுக்கும் பொதுவான வகுஎண் கிடையாது. ஆகையால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரௌனின் நாற்பத்து மூன்று பற்களையும் ஒன்று விடாமல் சந்தித்துவிட்டுத்தான் மறுபடி பழைய பல்லிடம் வரும். இன்னாரோடுதான் உறவு என்று எந்தப் பல்லும் ஒதுங்கிக்கொள்ள முடியாது. தேய்மானம் எல்லாவற்றுக்கும் பொது. இந்த இரண்டு சக்கரங்களையும் ஜோடியாகவே செய்கிறார்கள், ஜோடியாகவே விற்கிறார்கள். ஒன்று கெட்டால் ஒன்றை மட்டும் மாற்றுவதில்லை.

பேரிங் மூடிகளில் வெட்டியிருந்த அடையாள எழுத்துக்களைப் பார்த்து, எது எந்தப் பக்கம் என்று உறுதி செய்துகொண்டு கழற்றினார். பழைய டியூப் துண்டுகளை அணை கொடுத்து, இரண்டு கடப்பாரைக் கம்பிகளை நுழைத்து மெல்ல நெம்பினார்கள். அந்தக் கனமான உருண்டை ஓர் இழுப்புக்கு இசைந்து, தொட்டிலிலிருந்து தூக்கிய குழந்தைபோல் ராவுத்தரின் இரு கைகளிலும் வந்து விழுந்தது. அதுதான் டிபரன்ஷியல்.

கதைபோல் படிக்க வந்த வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த யந்திரம் என்ன செய்கிறது என்று சொல்லாமல் மேலே போக முடியாது.

மாட்டு வண்டிக்கு இந்தச் சிக்கல் இல்லை. இழுப்பவை மாடுகள், சக்கரங்கள் தம்பாட்டுக்கு உருளுகின்றன. மோட்டார் வண்டியிலோ இழுப்பதே சக்கரங்கள்தாம். வண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது உட்புறச் சக்கரம் சிறிய அரைவட்டம் போடுகிறது. வெளிப்புறச் சக்கரம் பெரிய அரைவட்டம். ஜீப்பின் இரு சக்கரங்களுக்கும் இடையே ஏறத்தாழ நாலு அடி. முழு அரைவட்டம் திரும்பினால், வளைவு பெரிதோ சிறிதோ, வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிடப் பன்னிரண்டரை அடி அதிகம் ஓடியாக வேண்டும். போடிமெட்டுப் பாதையில் அப்படிப் பதினேழு வளைவுகள். இரண்டு சக்கரங்களையும் ஒரே இரும்புத் தண்டில் பூட்டி, ஒரே வேகத்தில் சுற்றினால்தான் ஆயிற்று என்று கட்டாயப்படுத்தினால், ஒன்று டயர் தேய்ந்து அலறும், அல்லது தண்டு முறுகும்.

1820-களின் கடைசியில், பிரான்ஸில் பெக்கேர் என்ற கடிகாரத் தொழிலாளி, நீராவி வண்டி ஒன்றுக்காக இதற்கு வழி கண்டுபிடித்துப் பதிவு செய்துகொண்டார். கிரௌன் வீலோடு சேர்ந்து சுற்றும் ஒரு கூடு. அதற்குள் ஸ்டார் பினியன் என்று நம் பட்டறைகளில் சொல்லும் சின்னப் பல்சக்கரங்கள். அவை இரண்டு பக்கத்துச் சக்கரங்களுக்கும் நடுவே தராசு முள்போல் நிற்கின்றன. நேர்ப்பாதையில் அவை தம்மைத் தாமே சுற்றிக்கொள்வதில்லை. வளைவு வந்ததும் மெல்லச் சுழன்று, ஒரு பக்கத்தில் குறைந்த வேகத்தை மறுபக்கத்தில் கூட்டிக் கொடுக்கின்றன. ஜீப் வளைவில் மட்டும் சத்தம் போட்ட மர்மம் இதுதான். கால் மணி நேரம் ஒரு சக்கரம் மட்டும் வெறி பிடித்துச் சுழன்றதில், அந்த ஸ்டார் பினியன்களும் அவற்றின் குறுக்குத் தண்டும் எண்ணெய் வறண்டு கடித்துக்கொண்டுவிட்டன. இரண்டு பற்கள் உதிர்ந்திருந்தன.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்த யந்திரம் இரு சக்கரங்களுக்கும் சமமாகக் கொடுப்பது வலிமையை. வேகத்தை அது பங்கிடுவதே இல்லை. எந்த வேகத்தில் ஓடுவது என்பதை அவரவர் பாதைக்கு விட்டுவிடுகிறது.

அன்று சாயங்காலம் நண்பர் வந்தார். கழற்றி வைத்ததைப் பார்த்தார். "மதுரையிலிருந்து புது ஸ்டார் பினியன் வரவழைக்க வேண்டும், மொதலாளி" என்றார் ராவுத்தர்.

"எதற்கு? உள்ளேயே பற்றவைத்துவிடு."

நான் புரியாமல் விழித்தேன். நண்பர் எனக்கு விளக்கினார். அந்தச் சின்னச் சக்கரங்களை அசைய முடியாதபடி வெல்டிங் செய்துவிட்டால் இரண்டு பின்சக்கரங்களும் ஒன்றாகவே சுற்றும். சேற்றில் ஒன்று சறுக்கினாலும் மற்றது பிடித்துத் தள்ளிவிடும். மேலே ஒன்றிரண்டு தோட்டங்களில் அப்படிச் செய்து ஓட்டுகிறார்கள். செலவும் கால் பங்கு.

"மாட்டேன்" என்றார் ராவுத்தர்.

"ஏன்?"

"சேத்துல ஓடும். ரோட்டுல ஆக்ஸிலை முறிக்கும். இந்த வண்டியில ஆக்ஸில் முறிஞ்சா சக்கரம் தனியாப் போயிரும்."

இது உண்மை. லாரிகளில் தண்டின் வேலை சக்கரத்தைச் சுற்றுவது மட்டும்தான். வண்டியின் பாரத்தை அச்சுக்குழாய் தாங்கிக்கொள்ளும். தண்டு ஒடிந்தாலும் சக்கரம் இருந்த இடத்தில் இருக்கும். இந்த ஜீப்பில் அந்த ஒரே தண்டுதான் சுற்றவும் வேண்டும், சுமக்கவும் வேண்டும்.

"என் வண்டி, என் பணம், நான் சொல்கிறேன்" என்றார் நண்பர்.

"வண்டி உங்களது மொதலாளி. ஏறிப் போறது யாரு?"

அந்த ஜீப்பில் தினம் காலையில் போடியைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து பத்துப் பன்னிரண்டு பெண்கள் தோட்ட வேலைக்கு மலையேறுவார்கள், மாலையில் இறங்குவார்கள். இன்றும் அந்த மலைப்பாதையில் அப்படி ஜீப்புகள் போய் வருகின்றன. பத்துப் பேரை ஏற்றும் வண்டி அல்ல அது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதைப் பற்றி அன்று நாங்கள் மூவருமே வாய் திறக்கவில்லை. பழகிவிட்ட அநியாயம் கண்ணில் படுவதில்லை.

நண்பர் கோபித்துக்கொண்டு போனார். நான் அவருடைய விருந்தாளி. அவர் வாங்கிக் கொடுத்த காப்பி அப்போதுதான் வயிற்றில் இறங்கியிருந்தது. இடையில் பேசுவது மரியாதை ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாவல்களில் என் கதாநாயகர்கள் இம்மாதிரிச் சமயத்தில் நெஞ்சு நிமிர்த்திப் பேசுவார்கள். அவர்களுக்கு எதிரே நண்பர் உட்கார்ந்திருக்க மாட்டார்.

ராத்திரி மழை விட்டிருந்தது. மீண்டும் பட்டறைக்குப் போனேன். "நீங்கள் மாட்டேன் என்றால் அடுத்த பட்டறைக்காரன் செய்துவிடப் போகிறான். உங்களுக்கு வேலை போனதுதான் மிச்சம். அந்தப் பெண்களுக்கு இதனால் என்ன லாபம்?" என்று கேட்டேன். கேலியாகக் கேட்கவில்லை; உண்மையாகவே எனக்கு அது கேள்வியாக இருந்தது. தன் கை கறைபடாமல் இருப்பது ஒருவனுக்குச் சுத்தம். மற்றவர்களுக்கு அதனால் பாதுகாப்பு வந்துவிடுமா?

ராவுத்தர் சற்று நேரம் பீடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாஸ்தவம். அதான் அந்தப் பொம்பளைக கிட்ட சொல்லிட்டேன்" என்றார்.

"எதை?"

"வண்டி எப்ப வரும்னு கேக்க வந்தாளுக. மொதலாளி பத்தவைக்கச் சொல்றாரு, நான் மாட்டேன்னு சொல்லிட்டேன், வேற எங்கேயாவது பத்தவச்சு வந்தா ஏறாதீகன்னு சொன்னேன்."

எனக்குத் திகைப்பாக இருந்தது. வாடிக்கைக்காரரின் விஷயத்தை வெளியே சொல்லலாமா? வைத்தியனும் வக்கீலும் காப்பாற்றும் ரகசியம் மெக்கானிக்குக்கு இல்லையா? இன்றுவரை இந்தக் கேள்விக்கு எனக்கு ஒரே பதில் கிடைக்கவில்லை. ஆனால் இவ்வளவு மட்டும் தோன்றுகிறது: ஒரு ரகசியத்தின்மேல் பத்துப் பேர் தெரியாமல் உட்கார்ந்து பயணம் செய்கிறார்கள் என்றால், அதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. தெரிந்துகொள்ளும் பங்கு.

நண்பருக்கு அன்றிரவே விஷயம் எட்டிவிட்டது. லாட்ஜ் அறையில் குதியாய்க் குதித்தார். இப்போது நான் பேசியே ஆக வேண்டியிருந்தது. தைரியம் வந்ததால் அல்ல, வேறு வழி இல்லாததால். அவர் பேச்சிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அதை மறைத்தால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

"உன் ராவுத்தரின் யந்திரம் என்ன செய்தது பார்த்தாயல்லவா? ஒரு சக்கரம் வழுக்கியது. அதற்குப் பிடிமானம் இல்லை. உடனே கெட்டியான தரையில் நின்ற சக்கரத்துக்கும் பலம் இல்லாமல் போயிற்று. இருவருக்கும் சமம் என்றால் இதுதான் கதி. மட்டமானவன் அளவுக்கே நல்லவனுக்கும் கிடைக்கும். முழு வண்டியும் நின்றுவிடும்" என்றார்.

யந்திர சாஸ்திரப்படி அவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. வழுக்கும் சக்கரத்தைச் சுற்ற மிகச் சிறிய வலிமை போதும். தராசு சமமாக இருப்பதால் மறுபக்கத்துக்கும் அதே சிறிய வலிமைதான் போகும். பாறைமேல் நின்ற சக்கரம் சோம்பேறி அல்ல. அதற்குக் கொடுக்கப்பட்டதே அவ்வளவுதான்.

"அதற்காக இரண்டையும் விலங்கு போட்டுப் பூட்டிவிடுவதா?" என்றேன்.

"சேற்றில் அதுதான் நியாயம்."

"நாம் சேற்றில் மட்டுமா ஓடுகிறோம்?"

விவாதம் நள்ளிரவு வரை நீண்டது. அதை எல்லாம் எழுதுவதற்கில்லை. ஆனால் படுத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. நண்பரின் வெல்டிங் யோசனையை அவ்வளவு ஆவேசமாக எதிர்த்தவன், என் வீட்டில் அதைத்தான் பதினைந்து வருஷமாகச் செய்துகொண்டிருந்தேன் என்பது இருட்டில் தெளிவாகத் தெரிந்தது. ஒரே தண்டு, ஒரே வேகம். மூத்தவனுக்குப் பள்ளிக்கூடம் உட்புற வளைவு, சுலபமாகத் திரும்பினான். இளையவனுக்கு அது வெளிப்புறம். அதே நேரத்தில் அதிக தூரம் ஓட வேண்டியிருந்தது அவனுக்கு. கணக்கும் ஆங்கிலமும் அவனிடம் அலறின. அந்த அலறலை நான் முரட்டுத்தனம் என்று எண்ணினேன். 1984-இல் எஸ்.எஸ்.எல்.சி.யில் தவறியதும் வீட்டை விட்டுப் போனான். நாலு மாதம் கழித்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தான்.

வந்தபின் நான் நேர்மாறானேன். அவனை ஒன்றும் கேட்பதில்லை. எப்போது எழுந்தாலும் சரி, எங்கே போனாலும் சரி. அவன் அம்மா மிச்சம் வைத்த சோற்றை மூடி வைப்பாள். வீட்டில் ஒரு வேலையும் அவனுக்குச் சொல்வதில்லை. இதுதான் அன்பு, இதுதான் அவன் பாதைக்கு விட்டுவிடுவது என்று நினைத்திருந்தேன். அவனோ நாளுக்கு நாள் இன்னும் வேகமாகச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தான். வீடு நின்ற இடத்தில் நின்றது.

மறுநாள் காலை நண்பர் ஒன்றும் பேசாமல் மதுரைக்கு ஆள் அனுப்பினார். மனம் மாறினாரா, பெண்கள் ஏறமாட்டார்கள் என்ற கணக்கா, தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. சாமான் மாலையில் வந்தது. பழைய குறுக்குத் தண்டையும் தூக்கி எறிந்து புதிது போட்டார் ராவுத்தர். உள்ளே உருண்டையை ஏற்றும்போது அதே மூடி அதே பக்கம், அதே ஷிம் அதே இடம். டயல் கேஜை வைத்துக் கிரௌனுக்கும் பினியனுக்கும் இடையே எவ்வளவு விளையாட்டு இருக்கிறது என்று பார்த்தார். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஐந்துக்கும் பத்துக்கும் இடையில் இருக்க வேண்டுமாம். தலைமயிரின் கனத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு. குறைந்தால் உரசிச் சூடேறிச் சாகும்; அதிகமானால் அடித்து உடையும். இறுக்கி, கழற்றி, ஒரு ஷிம்மை மாற்றி, மறுபடி இறுக்கினார். மூன்று முறை. மூடியை மாட்டிவிட்டால் அந்த மயிரிழையை யார் பார்க்கப் போகிறார்கள்? பையன் கொட்டாவி விட்டான். நான் பார்த்துக்கொண்டிருந்ததால் செய்தார் என்றும் சொல்ல முடியாது. நான் இருப்பதையே அவர் மறந்திருந்தார்.

வேலை முடிந்து கை கழுவும்போது நண்பர் கொஞ்சம் இறங்கி வந்து கேட்டார்: "சரி ராவுத்தரே, மறுபடி சேற்றில் மாட்டினால்?"

"முன் கியரையும் போட்டுக்கங்க. அப்படியும் ஒரு சக்கரம் சும்மாச் சுத்துனா ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீக. லேசா மிதிச்சுக்கிட்டே பிரேக்கைக் கொஞ்சம் தொட்டுக் கொடுங்க."

"ஓடுவதற்குப் பிரேக்கா?"

"சும்மாச் சுத்துறதுக்கு ஒரு சுமை கொடுக்கணும், மொதலாளி. அதுக்குச் சுமை கிடைச்சாத்தான் அடுத்ததுக்குப் பலம் போகும்."

அவர் ஜீப்பைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு மட்டும் முதுகில் யாரோ தட்டினாற்போல் இருந்தது.

பிற்காலத்தில் வந்த வண்டிகளில் இந்தப் பிரேக் வேலையை ஒரு மின்னணுப் பெட்டி தானே செய்துவிடுகிறது. சுழலும் சக்கரத்தை மட்டும் அறிந்து பிடிக்கிறது. சேற்றில் மட்டும் இரண்டையும் பூட்டி, ரோட்டில் விடுவிக்கும் டிபரன்ஷியல்களும் நம் நாட்டு ஜீப் வகைகளில் வந்துவிட்டன. நண்பர் கேட்டதும் ராவுத்தர் கேட்டதும் ஒரே வண்டியில் கிடைக்கின்றன. நண்பர் அதைப் பார்க்க உயிரோடில்லை. பார்த்திருந்தால் தாம்தான் ஜெயித்ததாகச் சொல்லியிருப்பார்.

ஊருக்குத் திரும்பியதும் இளையவனைக் கூப்பிட்டுக் கிராமத்துப் பூர்வீக நிலத்தின் சாகுபடியை ஒப்படைத்தேன். "முழுக்க உன் பொறுப்பு. கணக்கு மட்டும் எனக்குக் காட்டு" என்றேன். சந்தேகத்தோடு பார்த்தான். முதல் வருஷம் நல்ல நஷ்டம். இரண்டாம் வருஷம் நஷ்டம் குறைந்தது. மூத்தவன், "எனக்கு மட்டும் ஏன் நிலத்தைக் கொடுக்கவில்லை?" என்று கடிதம் எழுதினான். அவன் அப்போது டில்லியில் பெரிய உத்தியோகத்தில் இருந்தான்! அவனுக்கு நான் எழுதிய பதில் நாலு பக்கம். அதில் டிபரன்ஷியலைப் பற்றி இரண்டு பக்கம். "அப்பா, வண்டி ரிப்பேர் விஷயம் எதற்கு எழுதியிருக்கிறீர்கள் என்று புரியவில்லை" என்று பதில் வந்தது. அவன் மனம் முழுக்கச் சமாதானமாயிற்று என்று இன்றும் சொல்ல மாட்டேன்.

போடியில் அந்தக் கடைசிக் காலையை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறேன். விடிவதற்கு முன் ஜீப் புறப்பட்டது. முன்னால் நண்பரும் நானும் டிரைவரும். பின்னால் தூக்குப் போணிகளும் கம்பளிகளுமாகப் பெண்கள். ராவுத்தர் அவர்களை எண்ணிப் பார்த்து, நாலு பேரை இறக்கி அடுத்த நடையில் வரச் சொன்னார். நண்பர் மறுபக்கம் பார்த்துக்கொண்டார். பிறகு ராவுத்தர் தாமும் பின்னால் ஏறி, ஓர் ஓரமாக மடங்கி உட்கார்ந்து, தரைத் தகட்டில் காதை வைத்துக்கொண்டார். முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது. ஒரு சத்தமும் இல்லை. ஐந்தாவது வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார்.

"என்ன ராவுத்தரண்ணே, கேக்குதா?" என்றாள் ஒரு கிழவி.

"ஒண்ணும் கேக்கல ஆத்தா."

"எனக்கும் கேக்கல. அந்தச் சத்தம் இல்லாம ஒரே தூக்கமா வருது, போ" என்றாள் அவள்.

ராவுத்தர் சிரித்துக்கொண்டே, போடிக்கு இறங்கும் லாரி ஏதாவது வருகிறதா என்று சாலையைப் பார்த்து நின்றார்.